தண்ணீரில் மிதக்கும் பச்சைக் குழல்கள்: நெல் கூண்டுப்புழு கேள்வி-பதில்

கேள்வி: சம்பா நட்டு மூன்று வாரம் ஆகிறது. இலை நுனிகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. தண்ணீரில் சிறு பச்சைக் குழல்கள் மிதக்கின்றன. நண்டின் வேலையா? – திருத்துறைப்பூண்டி வாசகர்

நண்டு இல்லை, கூண்டுப்புழு. இலை நுனியை வெட்டி, ஓரங்களைத் தன் பட்டு நூலால் சேர்த்து அந்தக் குழலைச் செய்து, அதற்குள்ளேயே வாழ்கிறது. ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், வெளிர்பச்சைப் புழு இருக்கும்.

கேள்வி: தண்ணீரில் கிடக்கும் புழு மூச்சுத் திணறிச் சாகாதா? – வலங்கைமான் பள்ளி ஆசிரியை

அம்மா, என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். அந்துப்பூச்சிகளின் புழுக்கள் பெரும்பாலும் நிலத்தில் வாழ்பவை. இந்தப் புழுவுக்கோ உடலின் இருபுறமும் மெல்லிய இழைகளாகச் செவுள்கள் இருக்கின்றன. நீரில் கரைந்த ஆக்சிஜனை அவற்றால் எடுத்துக்கொள்கிறது. இரவில் பயிரில் ஏறி இலையின் பச்சையத்தைச் சுரண்டும்போதும் கூண்டுக்குள் ஈரம் இருந்தாக வேண்டும். வளர வளரப் பழைய கூண்டை விட்டுப் புதியதைச் செய்கிறது. கடைசியில் கூண்டைத் தண்டில் ஒட்டிவைத்து, உள்ளே கூட்டுப்புழுவாகிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் வயல் தண்ணீரோடு சில கூண்டுகளை எடுத்துவந்து மாணவர்களுக்குக் காட்டுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் செவுள் இழைகள் தெரியும்.

கேள்வி: வயலின் ஒரு மூலையில் மட்டும் சேதம் அதிகமாக இருப்பது ஏன்? – மன்னார்குடி வாசகர்

காற்றும் நீரோட்டமும் கூண்டுகளை அங்கே ஒதுக்கியிருக்கும்.

கேள்வி: இரவு விளக்கைச் சுற்றும் வெள்ளைப் பூச்சி இதன் தாயா? – சீர்காழி வாசகர்

வெண்சிறகில் வெளிர்பழுப்பும் கருமையுமான புள்ளிகள் இருந்தால், பூச்சியும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், ஆம். நீரில் படிந்த இலைகளின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். சிறகு மஞ்சளாக, நடுவில் ஒற்றைக் கரும்புள்ளியோடு இருந்தால் அது தண்டுத் துளைப்பானின் பெண் பூச்சி. அதற்கு வைத்தியம் வேறு.

கேள்வி: எந்த மருந்து அடிக்கலாம்? – கீழ்வேளூர் வாசகர்

ஐயா, மருந்துக் கடைக்கு உடனே ஓடாதீர்கள். புழுவைத் தின்னும் நீர்வண்டுகள் உங்கள் வயலிலேயே இருக்கின்றன. மருந்து அவற்றையும் கொன்றுவிடும். தூர் கட்டும் பருவத்தில் கடிபட்ட பயிர் புது இலை விட்டுப் பெரும்பாலும் தேறிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை இருவர் பிடித்துப் பயிரின் மேல் இழுத்தால் கூண்டுகள் நீரில் விழும். பிறகு தண்ணீரை வடித்துவிடுங்கள். ஈரம் இல்லாமல் இந்தப் புழு பிழைக்காது. வடிக்கும்போது மடைவாயில் கொசுவலைத் துண்டு கட்டிக் கூண்டுகளைப் பிடித்து அழியுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் வயலுக்குப் போய்ச் சேரும்.