நாய்க்கு வயிறு உப்பினால்: கேள்வி-பதில்

கேள்வி: சாதாரண அஜீரணமா, இரைப்பை முறுக்கிக்கொண்டதா? வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரைப்பை முறுக்கிக்கொண்டால் நாய் திரும்பத் திரும்ப ஓங்கரிக்கும், சாப்பாடு வெளியே வராது, நுரையும் எச்சிலும்தான் வழியும். இந்த ஒரு அறிகுறியே போதும், கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். படுக்காமல், உட்காராமல் அலைவதும், அடிக்கடி தன் விலாவைத் திரும்பிப் பார்ப்பதும் கூடவே இருக்கும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் விரலால் சுண்டினால் மத்தளம்போல ஒலிக்கலாம். ராஜபாளையம், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களில் இரைப்பை விலாக்கூட்டுக்குள் இருப்பதால் வீக்கம் வெளியே தெரியாமலும் போகும். ஈறைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். 2 விநாடிக்குள் நிறம் திரும்பாவிட்டாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: ஓம வாட்டர், ஈனோ கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஈனோ இன்னும் வாயுவைத்தான் உண்டாக்கும். முறுக்கிய இரைப்பையில் அது வெளியேற வழியில்லை. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள், நடக்கவும் விடாதீர்கள், தூக்கி வண்டியில் ஏற்றுங்கள். கிளம்பும்போதே போன் செய்து, "இப்போது எக்ஸ்-ரே எடுத்து ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். ராத்திரி நேரத்தில் பல கிளினிக்குகளில் இந்த வசதி இருக்காது. அங்கே போய்த் திரும்புவதில் கரையும் நேரத்தில் இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்கிவிடும்.

கேள்வி: வாயுவை எடுத்துவிட்டாலே போதாதா? ஆபரேஷன் எதற்கு?

பதில்: குழாய் விட்டோ ஊசி குத்தியோ வாயுவை எடுப்பது நேரம் வாங்கித் தரும், முறுக்கு அவிழாது. உப்பிய இரைப்பை, உடலின் பின்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருநாளத்தை நசுக்குவதால், ட்ரிப்ஸ் முன்னங்காலில்தான் ஏற்றுவார்கள். பிறகு வலப்பக்கமாகப் படுக்கவைத்து எக்ஸ்-ரே. முறுக்கு இருந்தால் வயிற்றைத் திறந்து நேராக்கி, இரைப்பையை வலது வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார்கள். இந்தத் தையல் இல்லாவிட்டால் மறுபடி வரும் ஆபத்து மிக அதிகம். ஆபரேஷனுக்குப் பின் 2, 3 நாள் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

கேள்வி: வராமல் தடுக்க முடியுமா?

பதில்: ஒரே வேளை மொத்தமாகப் போடாமல் 2, 3 வேளையாகப் பிரித்துப் போடுங்கள். சாப்பிட்டதும் ஒரு மணி நேரமாவது ஓடவிடாதீர்கள். உயரமான ஸ்டாண்டில் கிண்ணம் வைப்பது நல்லது என்பதற்கு ஆதாரமில்லை. தாய்க்கோ கூடப் பிறந்த குட்டிக்கோ வந்திருந்தால், கருத்தடை ஆபரேஷனின்போதே இரைப்பையையும் தைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.