வள்ளம், வீசை, பவுன், சென்ட்: மெட்ரிக் கேள்வி பதில்

எடை, அளவுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய அளவுகளை விட்டு கிலோ, மீட்டர் என்கிற மெட்ரிக் முறைக்கு மக்களை எப்படிக் கொண்டுவருவது என்று சேலம் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஏற்காட்டில் ஒரு மலைக் கிராமத்து ஆசிரியை: இங்கே பெரியவர்கள் சாமை, ராகியை வள்ளம் என்கிற அளவுப் பாத்திரத்தில்தான் அளந்து விற்கிறார்கள் சார். கிலோ என்றால் வியாபாரி ஏமாற்றிவிடுவான் என்று பயம். என்ன சொல்லிப் புரியவைப்பது?

சொல்லிப் புரியவைக்க முடியாது டீச்சர். அளந்து காட்டுங்கள். அவர்கள் வீட்டு வள்ளத்தையே எடுத்து ஒருமுறை தலைதட்டி, ஒருமுறை குவித்து, ஒருமுறை குலுக்கி நிரப்பி, ஒவ்வொன்றையும் தராசில் போடுங்கள். மூன்றுக்கும் மூன்று எடை வரும். வாங்கும்போது குவிக்கச் சொல்கிற ஆள் விற்கும்போது தலைதட்டுகிறார் என்றால், நடுவில் போனது யாருடைய தானியம் என்று பாட்டிகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அவர்கள் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். வள்ளம் நிறைவதைக் கண்ணால் பார்க்கலாம். தராசின் எண்ணை நம்பத்தான் வேண்டும். அதனால் நம்பிக்கைக்கு வழி சொல்லிக்கொடுங்கள். தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா? ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை வைத்தால் ஒரு கிலோவை ஒட்டிக் காட்டுகிறதா? எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை கட்டாயம். அந்தச் சான்றிதழைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

லீ பஜார் வியாபாரி ஒருவரின் மகன்: பழைய எடைகளான வீசையும் பலமும் எப்படி ஒழிந்தன? பிரசாரத்தாலா, அபராதத்தாலா?

இரண்டும் இருந்தன. ஆனால் காரியத்தை முடித்தது மாற்றங்கள் வந்த வரிசை என்பேன். முதலில் காசை மாற்றினார்கள். 1957 ஏப்ரல் 1 அன்று, 16 அணா ரூபாய் 100 நயா பைசா ரூபாயாக ஆனது. ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, நாலணாவுக்கு 25. நாலு ஓரணாவைத் தனித்தனியாக மாற்றினால் 24, சேர்த்து மாற்றினால் 25! அந்த ஒரு பைசாவை யார் விட்டுக்கொடுப்பது? இப்படிச் சில்லறைச் சிக்கல்கள் இருந்தாலும் கை பத்துப் பத்தாக எண்ணப் பழகியது. அதன்பிறகு 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்கிற கணக்குத்தான் தலைவலியாகத் தெரிந்தது.

எடைச் சட்டம் 1956-இலேயே நிறைவேறியும், அமல் 1958 அக்டோபர் 1 முதல் படிப்படியாகத்தான் நடந்து, 1962-இல் முடிந்தது. இடைக்காலத்தில் பழைய கல்லும் புதுக் கல்லும் புழங்கின. பிறகு பழையது செல்லாது என்றாகிவிட்டது. வீசைக்கு 1400 கிராம், பலத்துக்கு 35 கிராம் என்று ஏறக்குறைய முழு எண்ணாக அமைந்தது நமக்கு அதிர்ஷ்டம். வடக்கே ஒரு சேருக்கு 933 கிராம் என்று மல்லுக்கட்டினார்கள். அமெரிக்காவும் 1975-இல் மெட்ரிக்குக்குச் சட்டம் போட்டது, ஆனால் விருப்பப்பட்டவர் மாறலாம் என்று. அங்கே கடைகளில் இன்னும் பவுண்டுதான். வெறும் போஸ்டரால் தராசு மாறாது தம்பி.

செவ்வாய்ப்பேட்டை வாசகி: பவுன் என்று சொல்லி நகை விற்பது தப்பா?

பேச்சில் சொல்லலாம், விலையும் பில்லும் கிராமில் இருக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் பவுன் காசின் எடை 7.988 கிராம். நாம் அதை 8 கிராமாக்கிக்கொண்டோம். பெயர் பழையது, உள்ளே இருப்பது மெட்ரிக். என்னைக் கேட்டால் மக்களை மாற்றுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஓமலூர் விவசாயி: பட்டாவில் 0-40.50 என்று இருக்கிறது. புரோக்கர் ஒரு ஏக்கர் என்கிறார். நம்பலாமா?

நம்பலாம். அது 0 ஹெக்டேர், 40.50 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். பெருக்கினால் 100 சென்ட், அதாவது ஒரு ஏக்கர் வருகிறது. ஏரையும் ஏக்கரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குழப்பினால் நூற்றில் இரண்டரை பங்கு நிலம்தான் மிஞ்சும்!

சேலம் கல்லூரி மாணவர்: இவ்வளவு பேசுகிறீர்களே, காய்ச்சலை மட்டும் ஏன் எல்லோரும் ஃபாரன்ஹீட்டில் 101 என்கிறோம்?

செல்சியஸில் 38.3 என்று சொன்னால் வீட்டில் யாரும் கஷாயம் வைத்துத் தரமாட்டார்களே, அதனால்தான்.

வ.உ.சி. பூ மார்க்கெட் பக்கம் குடியிருப்பவர்: பூ விற்கும் அம்மாவிடம் முழத்துக்குப் பதில் மீட்டர் கேட்கலாமா?

உதிரிப்பூ அவருக்கு வரும்போதே கிலோவில் எடைபோட்டுத்தான் வருகிறது. கட்டிய சரத்தில் நீளத்தைவிட நெருக்கம்தான் முக்கியம். இடைவெளி விட்டுக் கட்டினால் ஒரு மீட்டரிலும் பூ குறைவாகத்தான் இருக்கும். கட்டாயம் கணக்கு வேண்டுமென்றால் நூறு கிராம் உதிரிப்பூ வாங்கி நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.