கருங்கரடிக்கு எந்தக் காலிபர் போதும்? மஸல்லோடர் கேள்வி பதில்

அமெரிக்கக் கருங்கரடி, குழல்வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கிற துப்பாக்கி (மஸல்லோடர்): இவை இரண்டும் சேருகிற இடத்தில் மட்டும் கேளுங்கள். காலிபர் என்பது குழல் விட்டம், அங்குலத்தில். எடையெல்லாம் கிரெயினில் (15.4 கிரெயின் ஒரு கிராம்). மருந்தளவு கருமருந்துக்கு மட்டும், அதுவும் அளவைக் குழாயால் அளந்தது.

கே: கொலராடோவில் இருக்கிறேன் அண்ணா. கரடிக்கு .40 போதும் என்று விதியிலேயே இருக்கிறது. அப்படியென்றால் .45 தாராளம்தானே?

அடுத்த வரியையும் படிங்க தம்பி. .40 முதல் .50 வரை குழலென்றால் குண்டு குறைந்தது 170 கிரெயின் இருக்க வேண்டும், .50-ஐத் தாண்டினால் 210. .45 குழலுக்குப் போடுகிற .440 அங்குல ஈய உருண்டை 128 கிரெயின்தான், தேறாது. .50-க்கான .490 உருண்டை 177, ஏழு கிரெயினில் தப்பிக்கிறது. .54-க்கான .530 உருண்டை 224. ஆக, உருண்டைக் குண்டு போடுகிறவருக்கு அங்கே கணக்கு .50-இல்தான் தொடங்குகிறது. .45-இல் நீளக் குண்டு (உருண்டையாக இல்லாமல் நீண்டு முனை குவிந்தது) போட்டால் எடை தேறிவிடும். மஸல்லோடர் சீசனில் பிளாஸ்டிக் உறைக் குண்டு, வில்லையாக அழுத்திய மருந்து, ஸ்கோப் மூன்றும் அங்கே கூடாது. எதற்கும் இந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: புதிதாக வாங்கப்போகிறேன். .50-ஆ, .54-ஆ? வெறும் நாலு புள்ளிதானே வித்தியாசம்?

விட்டத்தில்தான் நாலு புள்ளி. உருண்டையின் எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 177-லிருந்து 224 என்றால் கால் பங்குக்கு மேல் கூடுதல் ஈயம்.

கரடிக்கு அது ஏன் முக்கியம் என்றால், இலையுதிர் காலத்துக் கரடிக்குத் தோலடியில் கொழுப்பு தடிமனாக இருக்கும். குண்டு போன ஓட்டையைக் கொழுப்பு அடைத்துவிடும். வெளியே கசிகிற கொஞ்ச ரத்தத்தையும் அடர்ந்த ரோமம் உறிஞ்சிக்கொள்ளும், தரையில் சொட்டாது. மான் போன தடத்தைப் பிடிப்பதுபோல் கரடித் தடத்தைப் பிடிக்க முடியாமல் போவது இதனால்தான். குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால், தாழ்வாக இருக்கும் இரண்டாவது ஓட்டை ரத்தத்தை விடும். மறுபக்கம் வரை போகிற பலம் எடையிலிருந்து வருகிறது.

எனவே உருண்டை மட்டும்தான் போடுவீர்கள் என்றால் .54 வாங்குங்கள். .530 உருண்டை, அதைச் சுற்ற .015 அங்குலத் தடிமன் பருத்தித் துணி, 90 கிரெயின் இரட்டை எஃப் (நடுத்தரத் துகள்) மருந்தில் தொடங்கி, தயாரிப்பாளர் சொன்ன உச்சவரம்புக்குள் துப்பாக்கிக்கு ஒத்து வருவதைக் கண்டுபிடியுங்கள். நீளக் குண்டுதான் என்றால் .50 போதும். 350 கிரெயினுக்கு மேலே குண்டு கிடைக்கும்போது குழல் விட்டத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஈயம் சுத்த ஈயமாக இருக்கட்டும். கார்ச் சக்கரத்தில் மாட்டுகிற எடைக்கட்டியை உருக்கி வார்த்தால் குண்டு கடினமாகிவிடும். கெட்டிக்கவும் இறுக்கம், உடம்புக்குள் போனால் விரிவும் குறைவு.

கே: அண்ணை, நான் ஒன்டாரியோ. என்னட்ட .45 துவக்கு ஒண்டு கிடக்கு. உருண்டைக் குண்டு போட்டு 40 யாரில கரடிக்கு அடிக்கலாமோ?

உருண்டையோடு வேண்டாம். அந்தத் துவக்கை விற்கவும் வேண்டாம். முதலில் குழலின் முறுக்கைப் பாருங்கள், அதாவது உள்ளே திருகுபோல ஓடும் வரிகள் ஒரு சுற்று வர எத்தனை அங்குலம் என்று. கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கோலில் இறுக்கமாகத் துணி சுற்றி அடிவரை தள்ளுங்கள். கோலில் வாயருகே ஒரு கோடு, மேல்பக்கமாக ஒரு புள்ளி போடுங்கள். மெல்ல வெளியே இழுங்கள். புள்ளி ஒரு முழுச்சுற்று வருவதற்குள் கோல் எத்தனை அங்குலம் வந்ததோ அதுதான் முறுக்கு. 28 அங்குலத்தை ஒட்டி வந்தால் நீளக் குண்டு நேராகப் போகும், .45-ம் கரடித் துவக்காகிவிடும். 66, 70 என்று வந்தால் அது உருண்டைக்கென்றே செய்த குழல். அதில் நீளக் குண்டு போட்டால் குட்டிக்கரணம் அடிக்கும். 48 இரண்டுக்கும் நடுவில், சுட்டுப் பார்த்துத்தான் தெரியும்.

கே: புகையில்லா மருந்து (இன்றைய தோட்டாக்களில் இருப்பது) போட்டால் வேகம் கூடுமே?

குழல் வெடிக்கும். அதற்கென்றே செய்து, குழலிலேயே பொறித்து விற்ற துப்பாக்கி தவிர வேறெதிலும் கூடாது.

கே: .45-ஐ ஒதுக்குவது அநியாயம். பென்சில்வேனியா நீள்துப்பாக்கிக்காரர்கள் சிறு குழலை வைத்துத்தானே கரடியே அடித்தார்கள்?

தொடக்ககாலத்து நீள்துப்பாக்கிகள் பலவும் .50-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோதான். கிழக்கே பெருவிலங்கு குறையக் குறையத்தான் குழல் சிறுத்தது. ஈயச் செலவும் ஒரு காரணம். அன்று குழலை அங்குலத்தில் சொல்ல மாட்டார்கள், ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வரும் என்றுதான் சொல்வார்கள். .440 உருண்டை ஐம்பத்துச் சொச்சம் வரும், .530 முப்பத்தொன்று. தோளில் ஈயத்தைச் சுமந்து காட்டுக்குள் போகிறவனுக்கு அது பெரிய வித்தியாசம். அவர்களே மேற்கே காட்டெருமையும் பழுப்புக் கரடியும் இருந்த பக்கம் போனபோது, செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் செய்து கொடுத்தது .50-ம் .54-ம்.

கே: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆற்றல் அட்டவணைப்படி .50 உருண்டையே 100 கஜத்தில் 450 அடி-பவுண்டுதான். அது கைத்துப்பாக்கி அளவு. உருண்டையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே?

எண் சரி, முடிவு தப்பு. உருண்டை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். நொடிக்கு 1,800 அடியில் கிளம்பியது 100 கஜத்தில் ஆயிரத்தைச் சற்றே தாண்டி நிற்கும். அதனால்தான் உருண்டைக்கு 60, 70 கஜத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது. ஆற்றல் கணக்கில் வேகம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, எடை ஒரு முறைதான். மெதுவாகப் போகிற கனமான மெத்தென்ற ஈயத்தை அந்தக் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும். அரை அங்குல உருண்டை நுழையும்போதே அரை அங்குல ஓட்டை.

கே: (முந்தையவரே) அப்போ 128 கிரெயினும் மெத்தென்ற ஈயம்தானே? அதை மட்டும் ஏன் ஒதுக்கினீர்கள்?

நல்ல கேள்வி. விலா எலும்புகளுக்கு நடுவே போனால் அதுவும் கொல்லும். முன்னங்கால் எலும்பில் பட்டால் அங்கேயே தட்டையாகி நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். கரடி நாம் நினைக்கிற மாதிரி பக்கவாட்டில் நின்று தருவதில்லை. 224 கிரெயினுக்கு அந்தச் சின்னப் பிழையைத் தாங்குகிற பலம் உண்டு.

கே: எங்கே குறி வைப்பது?

பக்கவாட்டில் நின்று, நம் பக்கத்து முன்னங்கால் முன்னே போயிருக்கும்போது, தோளை ஒட்டிப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில். அடிவயிற்று ரோமம் தொங்குவதால் உடம்பு பெரிதாகத் தெரியும். கீழ் விளிம்பை வைத்துக் கணக்குப் போட்டால் ரோமத்தைத்தான் சுடுவீர்கள்.

கே: நம்மூர் நாட்டுத் துப்பாக்கியும் இதே வகைதானா? அதில் கரடி...

வாய்வழி கெட்டிப்பது ஒன்றுதான். அதன் குழலுக்குள் முறுக்கு வரிகள் கிடையாது. இந்தியாவில் கரடி வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடுத்த கேள்வி.

கே: .50-ஆ .54-ஆ?

மேலே.

கே: புகையில்லா மருந்தைக் கருமருந்தோடு கொஞ்சமாகக் கலந்தால்?

துளிகூடக் கூடாது. இதையே மூன்றாவது ஆள் கேட்டாலும் இதுதான் பதில்.

கே: நீளக் குண்டு போட்டு மரப்பரணில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் ஏதாவது சிக்கலா?

உண்டு. உருண்டையைத் துணி இறுக்கிப் பிடிக்கும். நீளக் குண்டுக்கு அந்தப் பிடி இல்லை, வாய் கீழ்நோக்கி இருந்தால் மெல்ல நகரும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விழுந்தபின் சுட்டால் குழல் அந்த இடத்தில் புடைத்துவிடும். கெட்டித்தவுடன், கெட்டிக்கும் கோல் குழல்வாயில் நிற்கும் இடத்தில் கத்தியால் கோடு கீறிக்கொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்தபின் மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பியைக் கழற்றி, கோலை விட்டுப் பாருங்கள். கோடு வாய்க்கு மேலே தெரிந்தால் குண்டு நகர்ந்திருக்கிறது, திரும்ப அழுத்திவிடுங்கள். மணிக்கொரு தரம் பார்த்தாலும் தப்பில்லை.