கண்மாயைச் சுற்ற வேண்டாம், கண்மாய் வழியாகக் கடலுக்குப் போங்கள்

கேள்வி: ராமநாதபுரத்தில் இருக்கிறேன். வயது 43. மூன்று மாதத்துக்கு முன்பு ரோடு பைக் வாங்கினேன், 25 மி.மீ. டயர். இதுவரை காலையில் 20 கி.மீ. ஓட்டிப் பழகியிருக்கிறேன். பறவைகள் சரணாலயம் உள்ள ஒரு கண்மாயைச் சுற்றிவிட்டு, அப்படியே கடலோரம் வரை 50 கி.மீ. போய்வர ஆசை. கரை மேலேயே சுற்றி வரலாமா? எந்த மாதம் நல்லது? கல்லூரியில் படிக்கும் மகளும் கியர் வைத்த சாதாரண சைக்கிளில் கூட வருகிறேன் என்கிறாள்.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கண்மாய் எதையும் ரோடு பைக்கில் முழுதாகச் சுற்ற முடியாது. மலை ஊர்களில் ஏரியைச் சுற்றித் தார்ச்சாலை போட்டிருப்பதைப் பார்த்து நம் ஊரிலும் அதைத் தேடுகிறோம். கண்மாய் அப்படி அமைந்ததில்லை. நிலம் கடலை நோக்கிச் சரிகிறது. சரிவின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் ஒரு கரை. கரையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையும், மிகுந்த நீர் வழிந்தோடும் கலுங்கும் இருக்கும். எதிர்ப்பக்கம், அதாவது உள்வாய், திறந்தே கிடக்கும். நல்ல மழை பெய்த வருடம் தண்ணீர் எங்கே முடிகிறது, வயலும் புதரும் எங்கே தொடங்குகின்றன என்றே தெரியாது. அந்தப் பக்கம் சாலை போட வழியே இல்லை.

சரி, இருக்கிற கரை மேலாவது ஓட்டலாமா? வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, முள். சீமைக் கருவேல முள் 25 மி.மீ. டயரைச் சாதாரணமாகத் துளைத்துவிடும். நான் புதிதாக ஓட்டத் தொடங்கிய காலத்தில் ஒரு கண்மாய்க் கரையில் நான்கு கிலோமீட்டருக்குள் மூன்று பஞ்சர் பார்த்தேன்; மூன்றாவதுக்குப் பிறகு சைக்கிளைத் தோளில் வைத்துத்தான் சாலைக்கு வந்தேன். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டுகின்றன. அடியில் தண்ணீர் நிற்பதால் பூனையும் நாயும் மரத்துக்கு வராது. கரையில் ஆள் நடமாட்டம் கண்டு தாய்ப்பறவை எழும்பினால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கும். அது திரும்பி வந்து உட்காரும் வரையிலான அந்தப் பத்து நிமிடம் போதும், ஒரு கூடு வீணாக. சாலையில் நின்று பைனாகுலரில் பாருங்கள். பறவைகள் சாலைச் சத்தத்துக்குப் பழகியவை. கரையில் வரும் ஆளுக்குப் பழகவில்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வழி வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. ராமநாதபுரத்தை ஒட்டியே சக்கரக்கோட்டை கண்மாய் இருக்கிறது. 2012இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 230 ஹெக்டேர். 2025இல் ராம்சர் என்னும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே விடியலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, கீழக்கரைச் சாலையில் தெற்கே திரும்புங்கள். சுமார் பத்து கிலோமீட்டரில் திருப்புல்லாணி. ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில் பக்கம் டீ குடிக்கலாம். அங்கிருந்து கிளைச்சாலை பிடித்தால் சேதுக்கரை; கடலைப் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயர் கோயிலோடு சாலை முடிகிறது. திரும்பத் திருப்புல்லாணி வந்து கீழக்கரை வரை போய்விட்டு வந்த வழியே வீடு வந்தால், ஏறக்குறைய நீங்கள் கேட்ட 50 கி.மீ. ஆகிவிடும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நம் மாவட்டத்தில் ஏற்றத்தின் வேலையைக் காற்று செய்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக ஓட்டுகிறவர்கள் தூரத்தை மட்டும் கணக்குப் போட்டுக் கிளம்பி, திரும்பும்போது தளர்ந்து போகிறார்கள். நம் கடற்கரை மீனவர்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். பறவை வரும் மார்கழி, தை மாதங்களில் அடிப்பது வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குக் காற்று. நீங்கள் தெற்கே கீழக்கரைக்குப் போகும்போது அது முதுகில் தள்ளும். மணிக்கு 28 கி.மீ. சர்வசாதாரணமாக வரும், நமக்கு இவ்வளவு பலமா என்று தோன்றும். திரும்பி வடக்கே முகம் காட்டியதும்தான் உண்மை தெரியும். 25 கி.மீ. வேகத்தில் போகிறவர் மேல் 15 கி.மீ. காற்று எதிரே அடித்தால், உடம்பின் மீது மோதுவது 40 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் இருபடியாகக் கூடும் என்பதால், காற்றே இல்லாத நாளோடு ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு தடை.

விடியலில் காற்று பொதுவாகத் தளர்ந்திருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். தை மாதத்தில் சூரியன் உதிக்க ஆறரை மணி தாண்டிவிடும். ஆறு மணிக்கே வண்டியில் விளக்குப் போட்டுக் கிளம்பி, எங்கே இருந்தாலும் எட்டு மணிக்கு வடக்கே திரும்பிவிடுங்கள். கீழக்கரை வரை போய்ச்சேரவில்லையா, பரவாயில்லை, அது எங்கும் போய்விடாது. திரும்பும்போது கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்து, உடம்பைத் தாழ்த்தி, ஒரு கியர் குறைத்து, வேகமானியைப் பார்க்காமல் ஓட்டுங்கள். இருவராகப் போனால் முன்னால் போகிறவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் கச்சானும் சோழகமும் அடிக்கும்போது இதே வழி தலைகீழ்: போகும்போது பாடு, திரும்பும்போது சுகம். காலுக்கு அதுதான் நல்லது, ஆனால் அப்போது கண்மாயில் தண்ணீரும் இருக்காது, நாரையும் இருக்காது.

எனவே மாதம் என்று கேட்டால், மார்கழி பாதியிலிருந்து மாசி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, தாய்ப்பறவைகள் இரை தேடிப் போய்வரும் நேரம் அது. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் பார்க்கலாம். மழை ஏமாற்றிய வருடத்தில் எதிர்பார்ப்போடு போகாதீர்கள். கண்மாய் நிறைந்ததா என்று பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டுப் போவது மேல். அமாவாசை நாட்களை, அதிலும் தை அமாவாசையை, விட்டுவிடுங்கள். சேதுக்கரையில் தர்ப்பணம் கொடுக்க வரும் வண்டிகளால் அந்தக் குறுகிய கிளைச்சாலை அதிகாலையிலேயே நிறைந்துவிடும்.

அதே தை, மாசியில்தான் அறுவடையும். சாலையின் பாதியில் நெல்லையும், பின்னால் முண்டு மிளகாயையும் காயப்போட்டிருப்பார்கள். தானியத்தின் மேல் மெல்லிய டயர் ஏறினால் வழுக்கும், அதோடு அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

டயரை 28 மி.மீ.க்கு மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் வண்டியின் ஃபோர்க்கில் இடம் இருந்தால். 70 கிலோ எடை உள்ளவருக்கு 70 பி.எஸ்.ஐ. அளவு காற்று போதும். கல்லாய் இறுக்கினால் வேகம் கூடாது, கைதான் மரத்துப்போகும். இரண்டு டியூப், டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இரண்டு, கைப்பம்பு கட்டாயம். ரோடு பைக் டியூபில் இருப்பது பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு. ஊர்ச் சைக்கிள் கடைப் பம்பும் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயும் அதில் பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். சீமைக் கருவேல முள் நுனி உள்ளே ஒடிந்து நின்றிருக்கும், துணியில் சிக்கிக் காட்டிக்கொடுக்கும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அரை கிலோமீட்டரில் மறுபடி இறங்க வேண்டும். முள் பிடுங்கும் சிமிட்டா ஒன்றும் வையுங்கள்.

தண்ணீர் இரண்டு பாட்டில் வீட்டிலிருந்தே. இந்தப் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு, வழியில் குழாயைப் பார்த்து நிரப்பிக்கொள்ள முடியாது.

இந்த வழி கைவந்த பிறகு தனுஷ்கோடி. 2025இல் அங்கே சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. மண்டபத்திலிருந்து சைக்கிளில் போகாமல், ராமேஸ்வரம் வரை காரில் கொண்டுபோய் அங்கிருந்து ஏறுங்கள். பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடலைப் பார்க்க நிறுத்திய வண்டிகளுக்கும் பக்கக்காற்றுக்கும் நடுவில் புதியவர் ஓட்டும் இடம் அல்ல. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை சுமார் 20 கி.மீ.; முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் உள்ள கடைசி ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டது. வடக்கே அமைதியான பெண் கடல், தெற்கே இரையும் ஆண் கடல், நடுவில் நீங்கள். சாலை தென்கிழக்காக ஓடுவதால் வாடைக்கொண்டல் போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டிலேயே தள்ளும். தாரின் மேல் காற்று கொண்டுவந்த மணல் படிந்த இடத்தில் பிரேக் பிடிக்காமல், கைப்பிடியைத் திருப்பாமல் நேராக உருண்டு போய்விடுங்கள். வீட்டுக்கு வந்ததும், களைப்பாக இருந்தாலும் சரி, அன்றைக்கே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவித் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரே இரவில் சங்கிலியில் துருவைக் காட்டிவிடும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகக் கூட்டிப்போங்கள். முதல் நாள் சக்கரக்கோட்டை, திருப்புல்லாணி, வீடு. அவ்வளவுதான், 20 கி.மீ. சாதாரண சைக்கிளின் அகலமான டயருக்கு முள்ளும் மணலும் உங்கள் வண்டியை விடக் குறைவாகவே தொல்லை தரும். போகும்போது அவர் முன்னால் போகட்டும், அவர் வேகத்தில் நீங்கள் பின்னால் வாருங்கள். திரும்பும்போது மட்டும் நீங்கள் முன்னால் போய், அவருக்காக வாடையை வாங்கிக்கொள்ளுங்கள்.