பால் சுறா வயிற்றில் முட்டையும் குட்டியும்: வாசகர் கேள்வி-பதில்

காசிமேட்டில் வாங்கிய பால் சுறாவை அறுத்தபோது உள்ளே நாலு குட்டி. கூடவே மஞ்சள் மஞ்சளாக முட்டைகளும் இருந்தன. இது முட்டையிடுமா, குட்டி போடுமா?
– ராயபுரம் வாசகி

குட்டிதான் போடும். நீங்கள் பார்த்த முட்டைகள் இன்னும் சூலகத்தை விட்டு இறங்காதவை, அடுத்த ஈற்றுக்கானவை. பால் சுறாவுக்குக் கருப்பை இரண்டு, வேலை செய்யும் சூலகம் ஒன்றுதான். கரு முதலில் மஞ்சள்கருவை உண்டு வளரும். அது தீர்ந்ததும் வற்றிய மஞ்சள்கருப் பையே கருப்பைச் சுவரில் ஒட்டி நஞ்சுக்கொடியாக மாறிவிடும். அதன் பிறகு ஊட்டமெல்லாம் தொப்புள்கொடி வழியாகத் தாயிடமிருந்துதான். குட்டியைப் பிய்த்தெடுக்காமல் கொடியைப் பிடித்துக்கொண்டே போனால் ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியும். சூல்காலம் ஏறக்குறைய ஒரு வருடம். ஓர் ஈற்றுக்கு 1 முதல் 8 குட்டி, பெரும்பாலும் 2 முதல் 5.

மும்பை, குஜராத் பக்கம் ஏராளமாகப் பிடிபடும் ஸ்கோலியோடன் என்ற சுறா இதையும் மிஞ்சியது. அதன் முட்டை வெறும் 1 மி.மீ.தான்! மஞ்சள்கரு அனேகமாக இல்லாததால், கரு சில மி.மீ. இருக்கும்போதே தாயின் சுவரைப் பற்றிக்கொள்கிறது.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குச் சுறா அளக்கிறேன். பருவமடைந்ததா என்று எப்படிச் சொல்வது?
– விலங்கியல் மாணவர்

ஆணுக்கு இடுப்புத் துடுப்பின் உள்விளிம்பில் இரண்டு கிளாஸ்பர் (விந்து செலுத்தும் உறுப்பு) இருக்கும். நீளத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். விரலால் மடக்கிப் பாருங்கள்: துவண்டால் பருவமடையாதது, விறைப்பாக இருந்து, முன்பக்கம் திரும்பி, நுனியும் விரிந்தால் பருவமடைந்தது. நீளமாகியும் துவள்கிறதென்றால் இடைநிலை.

பெண்ணை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். சூலகத்தின் பெரிய முட்டையை வெர்னியர் அளவுகோலில் அளந்து, குட்டிகளின் நீளத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். குட்டி முற்றும்போதே முட்டையும் பெருத்திருந்தால், ஈன்ற கையோடு மறு சூலுக்குத் தயார். முட்டை சிறுத்தே கிடந்தால் இடையில் ஓய்வு உண்டு.

எண்ணிக்கை பிசகுவது எங்கே தெரியுமா? வலையில் சிக்கிய பதற்றத்தில் தாய் குட்டிகளைத் தள்ளிவிடும். கருப்பை தளர்ந்து, சுவரில் ஒட்டிய வடு மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த மீனை ஈற்றுக் கணக்கில் சேர்க்காதீர்கள். மொத்த நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேர்கோட்டில் எடுங்கள். உடம்பின் வளைவோடு டேப்பை ஓட்டினால் கூடுதலாகக் காட்டும்.

வயிற்றிலிருந்து எடுத்த குட்டியைக் கடலில் விட்டால் பிழைக்குமா?
– பட்டினப்பாக்கம் வாசகர்

ஐஸில் வந்த மீனென்றால் பேச்சே இல்லை. கடலிலேயே எடுத்தாலும் கொடி அறுபடாத குட்டி தேறுவது அரிது. மார்புத் துடுப்புகளுக்கு நடுவே, அடிப்பக்கத்தில் தொப்புள் தழும்பு இருக்கும். அது திறந்த புண்ணாக இருந்தால் பிறந்து அதிக நாளாகவில்லை என்று கொள்ளலாம். வலையில் அப்படிப்பட்ட குட்டிகள் நிறைய விழுந்தால், பக்கத்தில் குட்டி வளரும் இடம் இருக்க வாய்ப்புண்டு.

கோவளத்தில் வலையோடு தோல் பை மாதிரி ஒன்று வந்தது. சுறா முட்டையா?
– திருவான்மியூர் வாசகர்

மூங்கில் சுறாவினுடையதாக இருக்கலாம். அந்த வகை முட்டைதான் இடும். இருட்டில் மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள். மஞ்சள்கருவும் நெளியும் கருவும் தெரிந்தால் உயிருண்டு. குழாய்த் தண்ணீரில் போடவே கூடாது. கடல்நீரிலேயே வைத்து, சீக்கிரம் திருப்பி விடுங்கள். ஓரம் பிளந்து உள்ளே காலியாக இருந்தால் குட்டி எப்போதோ போய்விட்டது. அதை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆண் இல்லாமலே சுறா குட்டி போடுமாமே?
– பெரம்பூர் வாசகி

உண்மைதான். அமெரிக்காவின் ஒமாஹா மிருகக்காட்சிசாலையில் 2001இல் ஒரு சிறுவகைக் கொம்பன் சுறா (சுத்தியல் தலைச் சுறா) அப்படி ஈன்றது. குட்டியிடம் தந்தைவழி டி.என்.ஏ. எதுவும் இல்லை என்பது 2007இல் உறுதியானது. ஆனால் தொட்டியில் தனியாக இருந்த பெண் குட்டி போட்டதுமே இப்படி முடிவுகட்ட முடியாது. பழைய விந்தை மாதக்கணக்கில் உள்ளேயே சேமித்து வைக்கும் பெண் சுறாக்கள் உண்டு.