கேளுங்கள், சொல்கிறேன்: ராத்திரியில் அலையும் பிளாக்கியும் இன்னும் சில கிழட்டு நாய்களும்

போன மாதம் நாய்க்குட்டி வாங்குவது பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயதான நாய்களைப் பற்றித்தான். அதனால் இந்த இதழில் குட்டிகளுக்கு விடுமுறை.

கேள்வி: எங்கள் பிளாக்கிக்கு வயது 14. மகன் ஒன்றாம் ஆண்டு படித்தபோது தமிழ்ப்பள்ளி வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த குட்டி. நாலைந்து மாதமாக ராத்திரி தூங்குவதே இல்லை. ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறது, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வெளியே வரத் தெரியாமல் ஊளையிடுகிறது. வீட்டுக்குள்ளேயே சிறுநீர் வேறு. பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டார். நாய் அழுதால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார், ஊசி போட்டால் பைரவர் சும்மா விடமாட்டார் என்பதும் அவர்தான். கணவரோ ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார். மகன் கோலாலம்பூரில் படிக்கிறான், பரீட்சை நேரம் என்று அவனிடம் எதுவும் சொல்லவில்லை. நான் என்ன செய்வது அக்கா?
(பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், டாக்டரைத்தான் காணோம். ஊசியா வேண்டாமா என்ற பேச்சை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, பிளாக்கிக்கு என்ன என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் மூளை தளர்ந்த நாய் போலத் தெரிகிறது. மனிதர்களுக்கு வயதான காலத்தில் ஞாபகம் குழம்புகிறதே, அதே மாதிரி ஒன்று நாய்க்கும் வரும். மூலையில் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்பது, பகலில் தூங்கி இரவில் நடப்பது, பழகிய இடத்தை மறந்து வீட்டுக்குள் சிறுநீர் போவது, கூப்பிட்டால் யாரோ என்பது போலப் பார்ப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும் 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இந்த மாதிரி ஏதோ ஓர் அறிகுறியாவது இருந்தது. பிளாக்கி அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்வது வைத்தியம் ஆகாது. இதே அறிகுறிகள் சிறுநீரகக் கோளாறிலும் வரும், சர்க்கரையிலும் வரும், சிறுநீர்த் தொற்றிலும் வரும். மூட்டு வலியில் படுக்க முடியாத நாயும் இரவெல்லாம் நடக்கும். கண் மங்கிக் காதும் போய்விட்டால் இருட்டில் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஊளையிடும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது, தொற்று என்றால் ஒரு வாரம் பத்து நாளில் தெளிந்தும் விடலாம். அதனால் ராத்திரி அது நடப்பதை கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள் (கிளினிக்கில் போய் நின்றால் எல்லா நாயும் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், டாக்டருக்கு எதுவும் தெரியாது), காலை முதல் சிறுநீரை ஒரு சுத்தமான போத்தலில் பிடித்துக்கொண்டு போங்கள், ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், பல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்லை யாரும் கேட்பதில்லை. ஈறு அழுகி, மெல்ல முடியாமல் கிடக்கிற நாயைப் பார்த்து வயதாகிவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிற வீடுகள் நிறைய.

கடைசியில் மூளைத் தளர்ச்சிதான் என்று ஆனால், முழுக்கக் குணமாகாது. தாமதப்படுத்தலாம், இரவுகளைக் கொஞ்சம் லேசாக்கலாம். செலிஜிலின் என்றொரு மாத்திரை உண்டு, பலன் தெரியச் சில வாரம் ஆகும், எல்லா நாய்க்கும் கேட்பதில்லை, வேறு சில மருந்துகளோடு சேரவும் சேராது, ஆகவே பிளாக்கி இப்போது என்னென்ன சாப்பிடுகிறது என்று ஒன்றுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தைவிட வீட்டில் செய்ய வேண்டியதுதான் அதிகம். ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இடுக்கை இன்றைக்கே ஒரு பலகை வைத்து அடைத்துவிடுங்கள். கூடத்தில் ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியட்டும். நம் வரிசை வீடுகளில் எல்லாம் வழுக்கும் டைல்ஸ்தான், கிழட்டு நாய்க்குப் பின்னங்கால் அதில் நிற்காது, படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரைக்கும் ரப்பர் பாய் விரித்துவிடுங்கள், ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். நாற்காலி மேசையை இடம் மாற்றாதீர்கள். சாயங்காலம் தார் சூடு தணிந்ததும் மெதுவாக ஒரு நடை, படுக்கப் போகும் முன் ஒரு தரம் வெளியே. சிறுநீர் போகிறதே என்று தண்ணீரைக் குறைக்கிற வேலை மட்டும் வேண்டாம், சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அது ஆபத்து.

இன்னொன்று, யாராவது பனடோல் அரை மாத்திரை கொடுத்துப் பாருங்கள் என்பார்கள். கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் பராசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், இபுப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மாத்திரை வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நாய்க்கென்றே வலி மாத்திரை இருக்கிறது, அதையும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நோய் என்று தெரிந்தால் பாதிக் கோபம் போய்விடும். பினாங்கில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. தீபாவளி வெடி நமக்குத் தெரியும், முன்கூட்டியே உஷாராக இருப்போம், சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவு ஹொக்கியன்காரர்கள் ஒன்பதாம் நாளை வரவேற்று வெடிக்கிற வெடியைப் பல பேர் மறந்துவிடுகிறோம். குழம்பிப்போன நாய்க்கு அது யுத்தம் மாதிரி. அன்றைக்கு உள் அறையில் மின்விசிறி ஓட, யாராவது கூடப் படுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அதற்கென்று டாக்டரிடம் முன்னதாகவே மருந்து கேட்டு வாங்கி வையுங்கள்.

இனி அந்த ஊசி. பாவமா என்று உங்கள் மாமியார் கேட்பதை நான் கிண்டல் செய்யமாட்டேன், அந்தப் பயம் நம் வீடுகளில் நிஜமானது. ஆனால் வலியில் கிடக்கிற ஜீவனை நம் மனசுக்குத் தாங்காது என்று மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டு போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, நம் தூக்கம் கெடுகிறது என்று ஒரு பரிசோதனைகூட செய்யாமல் முடித்துவிடுவதும் சரியாகப் படவில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆலிஸ் வில்லாலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண், மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் இன்னும் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நாள் நீங்கள் தனியாகப் போடுங்கள், கணவர் தனியாகப் போடட்டும், மாமியாரையும் போடச் சொல்லுங்கள், அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். வாரா வாரம் இறங்கிக்கொண்டே போனால் அதை மூன்று பேருமே பார்ப்பீர்கள், யார் சொல்வது சரி என்ற சண்டை குறையும். கோவில் நாள்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு என்று போட்டுவந்தாலும் போதும்.

அந்த நாள் வந்தே விட்டால், என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் மயக்க ஊசி போடுவார்கள், நாய் தூங்கிவிடும். பிறகு நரம்பில் மருந்து, அது மயக்க மருந்து வகைதான், அளவு அதிகம். சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. போன பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுத்த மாதிரி வரலாம், சிறுநீர் போகலாம், இது வலி இல்லை, உயிர் இருப்பதாகவும் அர்த்தம் இல்லை. இதை யாரும் சொல்லாததால் அந்த நேரத்தில் பயந்துபோய், தப்பு செய்துவிட்டோமோ என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மகனுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். பள்ளி வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். பரீட்சை முடிந்து வந்து பார்த்தால் கூடு காலி என்றால், அவன் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் ஏறினால் பட்டர்வொர்த்திலேயே வந்து இறங்கலாம், ஒரு சனி ஞாயிறு போதும்.

கேள்வி: 12 வயது நாய். நேற்று காலை எழுந்ததும் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் இரண்டும் அங்கேயும் இங்கேயும் ஆடி, நடந்தால் விழுகிறது, வாந்தியும் எடுத்தது. பக்கவாதம், இனிப் பிழைக்காது என்கிறார்கள். ஊசி போட்டுவிடச் சொல்கிறார் அண்ணன்.
(வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வயதான நாய்களுக்குக் காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு திடீரென்று குழம்பிப்போவது உண்டு, பார்த்தால் பக்கவாதம் மாதிரியே பயங்கரமாக இருக்கும். நிறைய நாய்கள் இரண்டு மூன்று நாளில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நடந்துவிடும், தலை மட்டும் லேசாகச் சாய்ந்தபடியே நின்றுபோகலாம், அதனால் அதற்கு ஒன்றும் கஷ்டமில்லை. காதில் தொற்றா, மூளையில் கோளாறா என்று டாக்டர் பார்த்துத்தான் பிரிக்க முடியும், ஆகவே இன்றே கொண்டுபோங்கள், வாந்திக்கு மருந்து கொடுப்பார்கள். அதுவரை மாடிப்படிப் பக்கம் விடாதீர்கள், தண்ணீரைக் கையில் வைத்துக் காட்டுங்கள். முடிவு எடுக்கிற நாள் இது கிடையாது.

கேள்வி: ஷிட்சு, 11 வயது. ராத்திரியில் இருமுகிறது. என் மகளின் இருமல் மருந்தைக் கொடுக்கலாமா?
(வாசகி, பாயான் பாரு)

பதில்: கூடாது. நன்றாகத் தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. 30-க்குள் இருக்க வேண்டும். அடிக்கடி அதைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம், இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்கிறதோ என்று பார்க்க வேண்டும். சின்ன ஜாதி நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தேய்வது சகஜம். மருந்து உண்டு, அதோடு நன்றாகவே நாள் ஓட்டுகிற நாய்கள் இருக்கின்றன. இதயப்புழு பரிசோதனையும் கேளுங்கள், நம் ஊரில் கொசுவுக்கா பஞ்சம், கொசு கடித்துத்தான் அது வருகிறது. நாக்கோ ஈறோ நீலமாகத் தெரிந்தால் எண்ணிக்கொண்டு நிற்காமல் காடியை எடுங்கள்.

கேள்வி: நான் பென்ஷன்காரன். 13 வயது நாய்க்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய முடியாது. பசார் பக்கம் விட்டுவிட்டால் யாராவது சோறு போடுவார்கள் என்கிறார் நண்பர்.
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: ஐயா, உங்கள் நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த கிழட்டு நாய் பசாரில் ஒரு வாரம் தாங்காது, இளம் நாய்கள் கடித்தே துரத்தும். விலங்கைத் துன்பப்படும்படி கைவிடுவது 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றமும்கூட, 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் போட முடியும். கிளினிக்கில் நுழைந்ததும் என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் எது முக்கியமோ அதைச் செய்யுங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். நல்ல டாக்டர்கள் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், பட்டியலை அதற்கேற்றபடி சுருக்குவார்கள். அரசாங்கக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்திலும், தீவில் ஜெட்டி ஜெலுத்தோங் சாலையில் இருக்கும் எஸ்பிசிஏ என்ற விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திலும் விசாரித்துப் பாருங்கள். பெரிய சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தாலும் வலி மாத்திரைக்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: கிழட்டு நாய்க்குத் துணையாகக் குட்டி ஒன்று வாங்கலாமா?
(வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: கிழட்டு நாய்க்காகவா, உங்களுக்காகவா? முதுகு வலியோடு படுத்திருக்கிற நாயின் காதைக் குட்டி நாள் முழுக்கக் கடித்து இழுக்கும். நன்றாக ஓடியாடுகிற நாய் என்றால் சில வீடுகளில் ஒத்துப்போகிறது, உங்கள் கடிதத்தில் எழுந்து நிற்கவே சிரமப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.