பியூஃபோர்ட் அணைக்குக் கீழே தூண்டில் போடும் முன்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள சுவானிக்குக் குடிவந்திருப்பதாகவும், சட்டஹூச்சி ஆற்றில் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிப்பதைப் பார்த்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தாராளமாகப் போகலாம் தம்பி. ஆனால் லைசென்ஸ், தூண்டில் எல்லாம் அப்புறம். முதலில் ஆற்றின் மேலே உள்ள பியூஃபோர்ட் அணையில் தண்ணீர் திறக்கும் நேரத்தைப் பாருங்கள்.

ஜார்ஜியா வெயிலுக்கு ட்ரவுட் தாங்காது. 1956இல் அணை வந்து, அது தேக்கிய லேனியர் ஏரியின் குளிர்ந்த அடித்தண்ணீர் ஆற்றில் விழ ஆரம்பித்த பிறகுதான் இங்கே அந்த மீனுக்கு வாழ்வு. ஜூலையிலும் கால் விறைக்கும். மின்சாரத் தேவை கூடும்போது, பெரும்பாலும் வாரநாள் பிற்பகலில், தண்ணீரைத் திறந்து அணையின் மின் டர்பைனை ஓட்டுவார்கள். சில நிமிடங்களில் தண்ணீர் 11 அடி வரை ஏறலாம். அணைக்குப் பக்கத்தில் சைரன் ஊதும். கீழே தள்ளிப் போனால் அது காதில் விழாது. திறந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்து, வானம் பளிச்சென்று இருக்கும்போதே வந்து சேரும். அதனால் நீங்கள் நிற்கும் இடத்துக்கு அது எப்போது வரும் என்று கணக்குப் போடுங்கள். நேரம் திடீரென்று மாறும், கிளம்பும் முன் மறுபடி பாருங்கள்.

கரையோரம் பாதி நனைந்த கல் ஒன்றைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஈரக்கோடு மூழ்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி, உடனே கரையேறிவிடுங்கள். நடு ஆற்றுத் திட்டில் மட்டும் நிற்கவே வேண்டாம். பையன் இப்போதைக்குக் கரையிலிருந்தே போடட்டும்.

அணையிலிருந்து ஹைவே 20 பாலம் வரை ஆற்றில் இருப்பவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும், அது சட்டம். 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி லைசென்சோடு ட்ரவுட் லைசென்சும் வேண்டும். அந்தப் பாலத்திலிருந்து மெட்லாக் பாலம் வரை புழு போடக்கூடாது, செயற்கைத் தூண்டில் இரை மட்டும்தான்.

ரெயின்போ ட்ரவுட் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்து விடுவது. சிவப்புப் புள்ளி போட்ட பிரவுன் ட்ரவுட் இந்த ஆற்றிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. அதைத் தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள் என்பேன். ரெயின்போவை உடனே குடல் எடுத்து ஐஸில் வையுங்கள். செதில் பொடிசு, சுரண்ட வேண்டாம். குழம்பில் உதிர்ந்துவிடும், தோலோடு மிளகாய்த்தூள் தடவி வறுப்பதே சரி.